பழைய ஸ்கோப்புக்கு அதன் காலத்து வளையம்: பொருத்தும் முறை

பழைய ரைஃபிள் ஸ்கோப் வாங்குகிறவர்கள் முதலில் லென்ஸைப் பார்க்கிறார்கள், பிறகு விலையைப் பார்க்கிறார்கள். அதைத் துப்பாக்கியின் மேல் பிடித்து நிறுத்தும் இரண்டு எஃகு வளையங்களின் நினைப்பு கடைசியில்தான் வருகிறது. 1950-களிலும் அதற்கு முன்பும் வந்த அமெரிக்க ஸ்கோப்புகளுக்கு இந்த வரிசை ஒத்துவராது. அவற்றில் குறியைச் சரிசெய்யும் வேலையில் பெரும்பங்கு வளையத்துக்கும் அது உட்காரும் அடித்தகட்டுக்கும் உரியது. ஸ்கோப்புக்குள் இருக்கும் திருகுகள் மிச்சத்தைத்தான் பார்த்துக்கொண்டன.

காரணம் ஸ்கோப்பின் உள்ளமைப்பில் இருக்கிறது. இன்றைய ஸ்கோப்பில் திருகை எவ்வளவு திருப்பினாலும் குறுக்குக் கம்பி பார்வை வட்டத்தின் நடுவிலேயே நிற்கும். அன்றைய ஸ்கோப்பில் கம்பியே நகரும். வலப்பக்கம் நிறையத் திருத்த வேண்டியிருந்தால் கம்பிகள் வெட்டும் இடம் வட்டத்தின் ஓரத்துக்குப் போய்விடும். ஓடும் மானைச் சட்டென்று குறிவைக்க வேண்டிய வேட்டைக்காரருக்கு இது பெரிய இடைஞ்சல். அதனால்தான் ராச்செஸ்டர் நகரத்து பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம், உள்ளே திருத்தும் திருகே இல்லாத வேட்டை ஸ்கோப்புகளை விற்று, எல்லாத் திருத்தத்தையும் வளையமும் அடித்தகடும் சேர்ந்த தாங்கியிலேயே வைத்தது. பிட்ஸ்பர்க்கின் அனெர்ட்டல் நிறுவனத்து நீண்ட இலக்கு ஸ்கோப்புகளிலும் மைக்ரோமீட்டர் திருகுகள் பின்பக்கத் தாங்கியில்தான் இருந்தன. டென்வரின் ரெட்ஃபீல்டு நிறுவனம் செய்த ஜூனியர் தாங்கியும் இந்தத் தேவைக்கான விடைதான். இரண்டாம் உலகப்போரில் ரெமிங்டன் ஆலையில் உருவான எம்1903ஏ4 குறிச்சூட்டு ரைஃபிள்கள் சுமார் 28,000-இல் வீவர் 330 ஸ்கோப்பைத் தாங்கியது இதே ரெட்ஃபீல்டு ஜூனியர்தான்.

போருக்குப் பின் சாதாரண வேட்டைக்காரர்களின் கையில் பரவலாகப் புழங்கிய ஒரு சேர்க்கையை எடுத்துக்கொள்கிறேன். டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் செய்யப்பட்ட வீவர் கே4 ஸ்கோப், ரெட்ஃபீல்டு ஜூனியர் அடித்தகடு, அதற்குரிய எஃகு வளையங்கள், வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள். இந்த நான்கையும் சேர்க்கும் முறையைத் தெரிந்துகொண்டால் அந்தக் காலத்து மற்றவற்றையும் பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

எதைத் தொடுவதற்கு முன்பும் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று உறுதிசெய்யுங்கள். போல்ட்டை உருவித் தனியே வையுங்கள். தோட்டாப் பெட்டி அந்த மேசையிலேயே இருக்க வேண்டாம்.

அடுத்தது அளவெடுப்பது. கண்ணால் பார்த்து அளவு சொல்வது இந்த வேலையில் ஆகாது. ஸ்கோப்பின் உடல்குழாயை வெர்னியர் காலிப்பரால், வளையம் உட்காரப்போகும் இரண்டு இடங்களிலும் அளக்க வேண்டும். 19.05 மில்லிமீட்டர் என்றால் முக்கால் அங்குலக் குழாய். வீவர் 330, 440, பின்னால் வந்த ஜே வரிசை எல்லாம் இந்த அளவு. 22.2 என்றால் முக்காலே அரைக்கால் அங்குலம், லைமன் அலாஸ்கன் ஸ்கோப்பின் அளவு. 25.4 என்றால் ஓர் அங்குலம். 1947-இல் வந்த வீவர் கே வரிசை இதற்கு மாறியது. ஜெர்மன், ஆஸ்திரியப் பழைய ஸ்கோப்புகளில் 26, 26.5 மில்லிமீட்டர் குழாய்கள் வரும். ஓர் அங்குல வளையத்தில் 26 மில்லிமீட்டர் குழாயை வைத்து இறுக்கினால் எஃகே ஆனாலும் குழாய் நசுங்கும், உள்ளே நகர வேண்டிய உறுப்புகள் சிக்கிக்கொள்ளும். எதிர்ப்பக்கமாக, 26 மில்லிமீட்டர் வளையத்தில் ஓர் அங்குலக் குழாயை வைத்தால் வளையத்தின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், குழாய் பிடிபடாது. 0.6 மில்லிமீட்டர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது ஒரு நல்ல ஸ்கோப்பைக் கெடுக்கப் போதும்.

ஒவ்வோர் இடத்திலும் மேலிருந்து கீழாக ஒரு முறை, பக்கவாட்டில் ஒரு முறை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முன்பு யாரோ அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அப்படியென்றால் வளையத்தைச் சற்று முன்னாலோ பின்னாலோ தள்ளி, வட்டம் கெடாத இடத்தில் வைக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

வளையம் தேடப் பணம் செலவழிக்கும் முன் ஸ்கோப்பின் உடல்நிலை தெரிய வேண்டும். அதை வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். பழைய லென்ஸ் ஜோடிகளை ஒட்டப் பயன்பட்ட கனடா பால்சம் என்ற பிசின், வயதாகும்போது ஓரத்திலிருந்து விட்டுப்போகும். மஞ்சள் படலமாகவோ, இலை நரம்பு போன்ற கோடுகளாகவோ அது தெரியும். குறுக்குக் கம்பி அறுந்தோ தொய்ந்தோ இருக்கக்கூடாது. திருத்தும் திருகுகளை இரு பக்கமும் மெல்லத் திருப்பும்போது கம்பி தடையில்லாமல் நகர வேண்டும். முடிவிடம் தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள், அதற்கு மேல் வலுக்கொடுக்க வேண்டாம். பனி படியாமலிருக்க நைட்ரஜன் நிரப்பும் வழக்கம் பரவுவதற்கு முந்தைய ஸ்கோப்பைச் சோதனை என்று தண்ணீரில் முக்குவது அதைக் கொல்வதற்குச் சமம்.

இனி கம்பியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்த முறைக்கே அடிப்படையான படி இது. பலரும் தாண்டிச் செல்வதும் இதைத்தான். ஒரு கெட்டியான அட்டைப்பெட்டியின் இரு எதிர்ச் சுவர்களில் ஆங்கில வி எழுத்து வடிவில் வெட்டி, ஸ்கோப்பை அந்த இரண்டு வெட்டுகளிலும் கிடத்துங்கள். தொலைவில் உள்ள ஒரு புள்ளியைக் கம்பியில் பிடித்துக்கொண்டு ஸ்கோப்பைத் தன் அச்சிலேயே உருட்டுங்கள். கம்பிகள் வெட்டும் இடம் அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் நடு தப்பியிருக்கிறது. வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரே இடத்தில் நிற்கும்வரை இரு திருகுகளையும் திருத்திக்கொண்டே வாருங்கள். பொறுமை வேண்டும். முடித்த பிறகு அந்தத் திருகுகளை மறந்துவிடுங்கள். குறி பக்கவாட்டில் எங்கே தப்பினாலும் முதலில் தாங்கியைத்தான் திருத்தப்போகிறோம்.

பழைய வளையங்கள் வாங்கும்போது ஜோடி கலையாமல் வாங்குங்கள். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றாகவே பிறந்தவையாக இருப்பது நல்லது. வேறு வளையத்தின் மேல்பாதியை மாட்டினால் உள்வட்டம் நேராக வராமல் போகலாம். முன்வளையத்தின் அடியில், அடித்தகட்டில் பூட்டிக்கொள்ளும் டவ்டெயில் கால் தேய்ந்து பளபளத்திருந்தால் பலமுறை கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கையாலேயே திருப்பும் அளவுக்குத் தளர்ந்த முன்வளையத்தை நான் பயன்படுத்தமாட்டேன், அது எவ்வளவு அரியதாக இருந்தாலும் சரி. இந்தத் தாங்கியில் பின்னுதைப்பு முழுவதையும் தாங்குவது அந்த ஒரு கால்தான்.

துரு இருந்தால் மெல்லிய எண்ணெய் தடவி ஊறவிட்டுத் துணியால் துடையுங்கள். பளபளப்பாக்குகிறேன் என்று நீலப்பூச்சைத் தேய்த்தெடுத்துவிட்டால் அந்தப் பூச்சு திரும்ப வராது, வளையத்தின் மதிப்பும் போய்விடும். பழைய திருகுகளின் தலையில் ஒற்றைப் பள்ளம் இருக்கும். வீட்டுத் திருப்புளியின் முனை கூம்பலாக இருப்பதால் பள்ளத்தின் அடி வரை இறங்காமல் வழுக்கி, திருகின் தலையையும் பக்கத்து எஃகையும் கீறிவிடும். துப்பாக்கிப் பட்டறைகளில் இரு பக்கமும் இணையாகத் தேய்த்த முனையை, அந்தந்தத் திருகின் பள்ளத்து அகலத்துக்கே பொருந்துமாறு வைத்திருப்பார்கள். இந்த வேலையில் எதற்காவது காசு செலவழிக்க வேண்டும் என்றால் முதலில் இதற்குச் செலவழியுங்கள். நகராத திருகின் தலையில் சாலிடரிங் இரும்பின் நுனியைச் சிறிது நேரம் வைத்தால் உள்ளே காய்ந்த பசை இளகும். வளையம் ஸ்கோப்பின் மேல் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

இப்போது ரைஃபிளுக்கு வருவோம். மாடல் 70 வெளிவந்தது 1936-இல். போருக்கு முன் வந்தவற்றில் ரிசீவரின் பின்பாலத்தில் அடித்தகட்டுக்கான துளை இருக்காது. துளை படாத அப்படி ஒரு ரைஃபிள் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து அதில் துளையிடாதீர்கள். அதை இரும்புக் குறிகளோடேயே சுடுங்கள். ஸ்கோப்புக்கு ஏற்கெனவே துளையிட்ட வேறொரு ரைஃபிளைத் தேடிக்கொள்ளலாம். பழைய பொருளை அதன் காலத்தை மதித்துப் பொருத்துகிறவர் அந்த ரிசீவரை வெட்டிக் கெடுப்பதை என்னால் ஏற்க முடியாது.

துளைகள் உள்ள ரிசீவரில் அவற்றின் பழைய எண்ணெயைக் கரைப்பானில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். அடித்தகட்டை வைத்து முன்திருகை மட்டும் லேசாக முடுக்கி, பின்முனை ரிசீவரை விட்டுத் தூக்கி நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தத் திருகைக் கழற்றிவிட்டுப் பின்திருகை முடுக்கி முன்முனையைப் பாருங்கள். ரிசீவரை மெருகேற்றியபோது யாராவது அதிகம் தேய்த்திருந்தால் இங்கே வெளிச்சம் தெரியும். அந்த இடைவெளியைத் திருகின் பலத்தால் மூடினால் அடித்தகடு வளையும், அந்த வளைவு ஸ்கோப்பின் முதுகில் ஏறும். மெல்லிய எஃகுத் தகடு கொடுத்தோ எபாக்ஸிப் பசையால் படுக்கை அமைத்தோ இடைவெளியை நிரப்பிய பிறகே இறுக்க வேண்டும்.

இறுக்கிய கையோடு போல்ட்டை மாட்டி ஓட்டிப் பாருங்கள். முன்துளைகளில் ஒன்று போல்ட்டின் பூட்டுக்காதுகள் ஓடும் பாதைக்குள் திறக்கும். அங்கே நீளமான திருகு போட்டால் போல்ட் இடிக்கும். இன்னொரு துளையில் திருகின் முனை குழலின் மறையில் முட்டி நின்றுவிடலாம். அப்போது திருகு இறுகியதாகத் தோன்றும், அடித்தகடு மட்டும் தளர்ந்தே இருக்கும். திருகின் நீளத்தை அரத்தால் ஒரு மறை அளவு குறைத்தால் தீர்ந்தது. எல்லாம் சரி என்றால் திருகுகளைக் கழற்றி, ஒவ்வொன்றிலும் கழற்றக்கூடிய வகை நீலப் பசையில் ஒரு துளி வைத்து மறுபடி முடுக்குங்கள்.

முன்வளையத்தின் கீழ்ப்பாதியை அடித்தகட்டின் துளையில் குறுக்காக இறக்கி, கால் வட்டம் திருப்பினால் டவ்டெயில் பூட்டிக்கொள்ளும். காலில் துளி கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள். திருப்புவதற்கு ஸ்கோப்பையே நெம்புகோலாகப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. எத்தனையோ கே4-களின் குழாய் வளைந்தது இப்படித்தான். ஓர் அங்குல விட்டமுள்ள மரக்கழியையோ எஃகுத் தண்டையோ வளையத்தில் மாட்டி, அதை நெம்பித் திருப்புங்கள். தண்டு குழலுக்கு இணையாக வந்ததும் நிறுத்துங்கள்.

பின்வளையத்துக்கு டவ்டெயில் கிடையாது. இடமும் வலமுமாக இரண்டு பெரிய திருகுகள் அதன் அடிப்பாகத்தை நடுவில் வைத்துப் பிடிக்கின்றன. ரெட்ஃபீல்டு ஜூனியரின் உயிர் இந்த இரண்டு திருகுகளில் இருக்கிறது. ஒன்றைத் தளர்த்தி மற்றதை முடுக்கினால் ஸ்கோப்பின் பின்பக்கம் முழுவதும் இடமோ வலமோ நகரும். ஸ்கோப்புக்குள் இருக்கும் கம்பி நடுவை விட்டு அசையாது. இப்போதைக்கு இரண்டையும் சமமாக வைத்து, அந்த ஓர் அங்குலத் தண்டை இரண்டு கீழ்ப்பாதிகளிலும் கிடத்துங்கள். தண்டு இரண்டிலும் முழு நீளத்துக்கு அமர வேண்டும். ஒரு வளையத்தின் விளிம்பில் மட்டும் தொட்டு நின்றால் முன்வளையத்தை மயிரிழை திருப்பிப் பாருங்கள். கூர்முனைத் தண்டுகள் இரண்டை எதிரெதிரே வைத்து நுனிகளை ஒப்பிடும் கருவியும் விற்கிறது. நுனிகள் சந்தித்தாலும் தண்டுகள் கோணலாக நிற்கலாம் என்பதால் அதை நான் முழுதாக நம்புவதில்லை.

எவ்வளவு நுணுக்கம் தேவை என்பதற்கு ஒரு கணக்கு. இரண்டு வளையங்களுக்கும் நடுவே 5 அங்குலம், அதாவது 127 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்வளையம் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால், 100 கஜத்தில் குண்டு விழும் இடம் 7 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். 0.1 மில்லிமீட்டர் என்பது ஒரு தாளின் தடிமன்.

உராய்வுப் பசை தடவிய தண்டை முன்னும் பின்னும் இழுத்து வளையத்தின் உள்முகத்தைத் தேய்த்து நேராக்கும் வழக்கம் இன்று பரவலாக இருக்கிறது. புதிய வளையத்துக்கு அது நல்ல பழக்கம். அறுபது எழுபது ஆண்டு வயதுள்ள மூல வளையத்தில் உள்பூச்சு போய்விடும், தேய்த்த எஃகைத் திரும்ப ஒட்டவும் முடியாது. நேர்ப்படுத்தியும் தண்டு சரியாக அமரவில்லை என்றால் மட்டும், தொடும் பரப்பு பாதிக்கு மேல் வரும்வரை தேய்த்து நிறுத்திக்கொள்ளலாம்.

இனி ஸ்கோப்பைக் கிடத்தலாம். குழாயும் வளையத்தின் உள்முகமும் எண்ணெய் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். மேல்பாதிகளைத் திருகுகளோடு தளர்வாக மாட்டுங்கள். வேட்டைக்குப் போகும்போது போடுகிற தடித்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடியபடி துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கன்னத்தைக் கட்டையில் பதியுங்கள். கண்ணைத் திறந்ததும் பார்வை வட்டம் முழுதாகத் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்பு நிழல் வந்தால் ஸ்கோப்பை முன்னோ பின்னோ நகர்த்துங்கள். சந்தேகம் இருந்தால் முன்னாலேயே வையுங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்று நான்கு அங்குலம்தான் இடைவெளி. மேட்டை நோக்கிச் சாய்ந்து சுடும்போது அது இன்னும் சுருங்கி, விளிம்பு புருவத்தைக் கிழிக்கும்.

குறுக்குக் கம்பி சாயாமல் நிற்பதற்குத் தொலைவில் ஒரு தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, துப்பாக்கியை மட்டமாகப் பிடித்து, நெட்டுக் கம்பியை நூலோடு பொருத்துங்கள். ரெட்ஃபீல்டு வளையத்தில் இரு பக்கமும் திருகு இருப்பதால் மாறிமாறி இறுக்கினால் ஸ்கோப் உருளாது. வீவரின் சொந்த வளையம் அப்படியல்ல. அதில் ஒரு பக்கம் கொக்கியில் மாட்டும் எஃகுப் பட்டை, மறுபக்கம் மட்டும் திருகுகள். இறுக்க இறுக்கப் பட்டை ஸ்கோப்பையும் திருகுகள் இருக்கும் பக்கமாக இழுத்து உருட்டும். அந்த வளையத்துக்கு, கம்பியைத் தொடக்கத்திலேயே எதிர்ப்பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தால் இறுகி முடியும்போது நேராக வந்து நிற்கும். எவ்வளவு சாய்ப்பது என்பது இரண்டு மூன்று முறை கழற்றி மாட்டினால் கைக்குப் பழகிவிடும்.

வளையத் திருகுகளை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். முன்வளையத்தில் இடம், பின்வளையத்தில் வலம் என்று குறுக்காகப் போய், ஒவ்வொன்றையும் கால் திருப்பு மட்டும் முடுக்கிக்கொண்டே வாருங்கள். வளையத்தின் இரு பாதிகளுக்கும் நடுவே உள்ள இடுக்கு இரு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும். டார்க் திருப்புளி இருந்தால் 15 அங்குல பவுண்டு போதும். இடுக்கு முழுக்க மூடியும் ஸ்கோப் நகர்கிறது என்றால், வளையம் அந்தக் குழாய்க்கு உரியதல்ல.

குறி பார்ப்பதற்கு, போல்ட்டை உருவிவிட்டு மணல்மூட்டைகளின் மேல் துப்பாக்கியைக் கிடத்துங்கள். பின்னாலிருந்து குழலுக்குள் பார்த்து, 25 கஜ தூரத்தில் உள்ள கறுப்பு வட்டத்தைக் குழலின் நடுவில் கொண்டுவாருங்கள். துப்பாக்கி அசையாமல் இப்போது ஸ்கோப்பில் பாருங்கள். கம்பி இடமோ வலமோ விலகியிருந்தால் பின்வளையத்துத் திருகுகளால் திருத்துங்கள். எந்தப் பக்கம் நகர்த்தப் போகிறீர்களோ, அந்தப் பக்கத்துத் திருகை முதலில் தளர்த்தி, பிறகு எதிர்த் திருகை முடுக்க வேண்டும். எதையும் தளர்த்தாமல் முடுக்கினால் வளையம்தான் நெரிபடும். சுடும்போதும் விதி எளிது: ஸ்கோப்பின் பின்பக்கம் எந்தத் திசையில் நகர்கிறதோ, குண்டு விழும் இடமும் அதே திசையில் நகரும்.

உயரத்துக்கு இந்தத் தாங்கியில் திருகு இல்லை. கொஞ்சம் விலகியிருந்தால் ஸ்கோப்பின் உள்திருகு பார்த்துக்கொள்ளும். அதிகம் விலகி, கம்பி வட்டத்தின் ஓரத்துக்குப் போகிறது என்றால் அடித்தகட்டின் கீழே மெல்லிய தகடு வைக்க வேண்டும். பின்பக்கம் உயர்ந்தால் குண்டு மேலே போகும். முன்பக்கம் உயர்ந்தால் கீழே இறங்கும். எவ்வளவு தடிமன் என்பதற்கு மேலே சொன்ன கணக்கே உதவும். தகட்டை வளையத்துக்கும் குழாய்க்கும் நடுவில் வைப்பது தவறு. அங்கே வைத்தால் குழாய் ஒரு பக்கமாக நசுங்கும்.

பிறகு சுடுதளத்தில் 25 கஜத்தில் தொடங்குங்கள். .30-06 தோட்டாவை அங்கே குறியில் விழவைத்தால் 100 கஜத்தில் இரண்டு மூன்று அங்குலம் மேலே விழும். மூன்று குண்டுகளைச் சுட்டு அவற்றின் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள், ஒற்றைக் குண்டை நம்ப வேண்டாம். உயரத்துக்காக உள்திருகைத் திருப்பியதும், அதன் மூடியைத் திருப்புளியின் பிடியால் இரண்டு முறை மெல்லத் தட்டுங்கள். பழைய ஸ்கோப்புகளில் உள்ளிருக்கும் வில் சோம்பலாக இருக்கும். திருப்பிய உடனே கம்பி நகராமல், அடுத்த குண்டின் அதிர்வில்தான் நகரும். இதைத் தெரியாதவர்கள் திருத்திய திருத்தத்தையே மறுபடி திருத்தித் தோட்டாக்களை வீணாக்குகிறார்கள்.

குறி நின்ற பிறகு பின்வளையத்தின் இரண்டு பெரிய திருகுகளையும் சமமாக, சிறிது சிறிதாக, அழுத்தமாக முடுக்குங்கள். ஒன்றை மட்டும் முதலில் இறுக்கினால் இவ்வளவு நேரம் செய்த வேலை கலைந்துபோகும். மறுபடி மூன்று குண்டு சுட்டுப் பார்த்து, குறி மாறவில்லை என்றால் திருகின் தலையிலும் அடித்தகட்டிலும் சேர்ந்தாற்போல நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவையுங்கள். ஒரு பெட்டித் தோட்டா, அதாவது 20 குண்டு சுட்டு முடித்ததும் அந்தக் கோடுகளையும், வளையத்து விளிம்பை விட்டுக் குழாய் நகர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். கோடு விலகியிருந்தால் அந்தத் திருகை மட்டும் முடுக்குங்கள். குழாய் நகர்ந்திருந்தால் மேல்பாதிகளைக் கழற்றி, உள்முகத்தில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்த்துத் துடைத்துவிட்டு, இடுக்குகளைச் சமன்செய்து மறுபடி மாட்டுங்கள்.